தார் வெட்ட வராத வியாபாரி

கேள்வி: களக்காட்டில் ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். 1,000 தாரையும் கிலோ 38 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக வெளியூர் வியாபாரி ஒருவர் 50,000 ரூபாய் அச்சாரம் கொடுத்தார். வெள்ளைத்தாளில் கையெழுத்து மட்டும்தான். விலை 24-க்கு இறங்கியதும் ‘வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிட்டார். காய் முற்றி நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் தாரை வெட்டி விற்றுவிடுங்கள். வழக்குக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று மரத்திலேயே விட்டு அழுக வைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவில் நஷ்டஈடு உண்டு. ஆனால் நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழியையும் நீதிமன்றம் பார்க்கும்.

வெட்டுவதற்கு முன் ஒரு நோட்டீஸ் போக வேண்டும்: ‘இந்தத் தேதிக்குள் வந்து எடுக்காவிட்டால் வேறு இடத்தில் விற்பேன், விலை வித்தியாசம் உங்கள் பொறுப்பு.’ கெட்டுப்போகும் சரக்கு என்பதால் இரண்டு மூன்று நாள் கெடு போதும். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், ஒப்புகை கேட்டுத் தபாலிலும் அனுப்புங்கள். வெட்டும் நாளில் தார் எண்ணிக்கை, போட்டோ, மண்டி எடைச்சீட்டு, தேதியோடு பில், வண்டி வாடகை ரசீது எதையும் விடாதீர்கள்.

ஒரு தார் சராசரி 12 கிலோ என்றால் மொத்தம் 12,000 கிலோ. கிலோவுக்கு 14 ரூபாய் வீதம் நஷ்டம் 1,68,000. கையில் இருக்கும் அச்சாரம் கழிந்தால் 1,18,000. இதோடு கூடுதலான வண்டிச் செலவைக் கேட்கலாம். அவர் வாக்குத் தவறிய நாளின் சந்தை விலைதான் அடிப்படை. நீங்கள் காத்திருந்து 18-க்கு விற்றால் அந்த இறக்கம் அவர் தலையில் ஏறாது.

வெள்ளைத்தாள் என்பதற்காகப் பயப்பட வேண்டாம். சரக்கு விற்பனை ஒப்பந்தம் வாய்ப்பேச்சாலும் ஏற்படும். அவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய குரல்பதிவு உள்ள போனை மட்டும் மாற்றவோ ரீசெட் செய்யவோ கூடாது. 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்தால்தான் பதிவின் நகல் சாட்சியமாகும்.

போலீஸ் புகார் இங்கே பெரும்பாலும் நிற்காது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டினால்தான் மோசடி. மற்றபடி இது சிவில் விவகாரம். வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம். ஒப்பந்தம் பேசியதும் சரக்கு இருப்பதும் உங்கள் ஊர் என்றால் அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. அதற்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துப் பாருங்கள். அவர்கள் நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசமானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

அடுத்த முறை தாளில் வெட்டு தேதி, எடை போடும் இடம், தவறினால் எந்த மண்டி விலையை வைத்து வித்தியாசம் பார்ப்பது என்ற மூன்றும் இருக்கட்டும்.