எலெக்ட்ரீசியன் படித்த மகனை சாப்ட்வேர் பயிற்சியில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகன் பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் பிரிவில் இரண்டாண்டுப் படிப்பை முடித்திருக்கிறான். கடன் வாங்கியாவது ஆறு மாத சாப்ட்வேர் பயிற்சியில் சேர்த்தால்தான் இனி வேலை கிடைக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கடன் வாங்கி இப்போது சேர்க்க வேண்டாம். உங்கள் மகன் கற்ற தொழிலுக்குத் தேவை குறையவில்லை. அந்தத் தொழிலின் மேல் கணினி வந்து அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் நிறுவனத்தின் 4.3 ஜிகாவாட் சூரிய மின்தகடு ஆலை இயங்குகிறது; ராதாபுரம், பணகுடி பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. இத்தகைய இடங்களில் தேடப்படுபவர், மின்சுற்று வரைபடத்தைப் படித்து, மல்டிமீட்டரால் பழுதைக் கண்டறிந்து, இயந்திரத்தை நிரல்படி இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி. கருவியிலும் அதே பழுதைத் தேடத் தெரிந்தவர்.

பி.எல்.சி. என்றதும் அஞ்ச வேண்டாம். 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனம் ரிலே பேனல்களுக்கு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை அடுக்கிய பலகைகளுக்கு) மாற்று கேட்டதிலிருந்து பிறந்த கருவி அது. தொழிற்சாலை எலெக்ட்ரீசியன்களே பராமரிக்க வேண்டும் என்பதால், அதன் ஏணி வடிவ நிரல்முறை ரிலே வரைபடத்தைப் போலவே அமைக்கப்பட்டது. மோட்டாரை இயக்கத் தொடங்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைத் தன் கையால் வயரிங் செய்து பழகியவருக்கு அந்த நிரலின் தர்க்கம் பாதி தெரிந்ததாகிவிடும். மென்பொருள் மட்டும் படித்தவருக்கு இந்த அனுகூலம் இல்லை.

சூரிய மின்சாரத்தில் உங்கள் மகன் புதிதாகக் கற்க வேண்டியது, ஒரே திசையில் பாயும் டி.சி. மின்னோட்டத்தின் ஆபத்து. வீட்டு மின்சாரம் போல் திசை மாறி மாறிப் பாயும் ஏ.சி.யில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால், இணைப்பைக் கழற்றும்போது எழும் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு; டி.சி.யில் அப்படி அணையாது. பெரிய சூரியப் பூங்காக்களில் 1,500 வோல்ட் வரை டி.சி. பாய்வதால், இதை அறியாமல் இணைப்பைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்தாகும். காற்றாலைப் பணிக்கு உயரத்தில் பாதுகாப்பாக வேலை செய்யும் பயிற்சியும் வேண்டும்; தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில்தான் பெரிய பராமரிப்புப் பணிகள் நடக்கும் என்பதால், அதற்கு முன்பே விசாரிக்கத் தொடங்குவது நல்லது.

முதல் வேலையாக, மத்திய அரசின் அப்ரெண்டிஸ் (தொழில் பழகுநர்) இணையதளத்தில் அவரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உதவித்தொகையோடு தொழிற்சாலை அனுபவமும், தேர்வில் தேறினால் தேசிய அப்ரெண்டிஸ் சான்றிதழும் கிடைக்கும். மேலே படிக்க விரும்பினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. பணம் கட்டும் பயிற்சி எதுவானாலும், கட்டுவதற்கு முன் அவரையே நேரில் அனுப்பி, ஒரு பி.எல்.சி.யை எத்தனை பேர் பகிர்ந்து பழகுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கருவியைக் காட்டத் தயங்கும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

அப்ரெண்டிஸ் ஆண்டு முடிந்த பிறகும் நிரல் எழுதும் ஆர்வம் அவருக்கு இருந்தால், பைத்தான் மொழியின் அடிப்படைகளை இணையத்தில் செலவின்றியே கற்கலாம்.