நீள்கொம்பு வண்டுகளைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? விவசாயிக்கு அதனால் ஏதாவது பயன் உண்டா?

கேட்ட விதத்தில் கொஞ்சம் கிண்டல் தெரிகிறது. நான் கீழ்ப் பழனி மலையில் அரபிகா காபி வைத்திருப்பவன். எங்கள் பக்கம் இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வராது. "போரர் விழுந்திருக்கு" என்று யாராவது சொன்னாலே தோட்டக்காரர் முகம் சுருங்கிவிடும். அந்தப் போரர் நீங்கள் சொல்லும் நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வேளாண் துறையினர் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்பார்கள். அறிவியல் பெயர் சைலோட்ரீகஸ் குவாட்ரிப்ஸ்.

முதலில் இந்தக் குடும்பத்துக்காகவும் கொஞ்சம் பரிந்து பேசிவிடுகிறேன். உலகம் முழுக்க 35,000க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை செத்த மரத்தையும் பட்டுப்போன கிளையையும் தின்று காட்டு மண்ணுக்கு உரமாக்குபவை. உயிருள்ள மரத்தில் கை வைப்பவை கொஞ்சம்தான், கெட்ட பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும். பல இனங்களில் ஆணின் உணர்கொம்பு உடம்பை விட நீளம். எங்கள் காபி வண்டுக்கோ குட்டையான கொம்பு. கறுப்பு உடம்பில் வெள்ளை வரிகளோடு வெயிலில் குடுகுடுவென்று ஓடும்போது குளவி என்று நினைத்து ஒதுங்கத் தோன்றும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டு வெளியே வந்து பறக்கும். பெண் வண்டு வெயில் படும் தண்டாகப் பார்த்து, பட்டை வெடிப்புக்குள் முட்டை வைக்கும். பத்து நாள் வாக்கில் பொரிந்து வரும் புழு, இரண்டு மாதம் போல பட்டைக்கு அடியில் தின்றுவிட்டு உள் மரத்துக்குள் நுழையும். அதன் பிறகு அது எந்த மருந்துக்கும் எட்டாது. போகிற வழியையெல்லாம் தன் எச்சத்தாலேயே இறுக்கி அடைத்துக்கொண்டு போகும். ஒரு வருட ஆயுளில் பெரும்பகுதியை இப்படி மரத்துக்குள்ளேயே கழிக்கும். தண்டில் வரப்பு வரப்பாகப் புடைத்து, இலை மஞ்சளாகி வாடும்போதுதான் நமக்கே தெரியவரும். ஏழெட்டு வயதுக்குட்பட்ட செடி ஒரு வருடத்திலேயே போய்விடும். வயதான செடி சில பருவம் தாங்கும், ஆனால் காய்ப்பு இருக்காது.

மேலே சொன்ன ஒவ்வொரு வரியும் யாரோ தண்டைப் பிளந்து, கூண்டில் வளர்த்து, நாள் எண்ணிக் கண்டுபிடித்தது. தோட்டத்தில் நாங்கள் செய்யும் வேலை அத்தனையும் அதிலிருந்து வந்தது. வெயில் தண்டைத் தேடி வருகிறது என்று தெரிந்ததால் நிழல் மரத்தை மொட்டையாகக் கவாத்து செய்யமாட்டோம். வெடிப்பில் முட்டை வைக்கிறது என்று தெரிந்ததால், பறக்கும் பருவத்துக்கு முன்பே தேங்காய் நார்க் கையுறையால் தண்டைத் தேய்த்துத் தளர்ந்த பட்டையை உரித்துவிடுவோம். சிலர் சுண்ணாம்புக் கரைசலும் அடிப்பார்கள். செலவு பிடிக்கிற வேலைதான், ஆள் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. ஆனாலும் புழு உள்ளே போன பிறகு எதை ஊற்றியும் பயனில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி வாசனை ஆராய்ச்சி. அந்துப்பூச்சிகளில் பெரும்பாலும் பெண்தான் வாசனை விட்டு ஆணைக் கூப்பிடும். இந்த வண்டில் ஆண் கூப்பிடுகிறது, பெண் தேடி வருகிறது. ஜப்பானில் திராட்சைக் கொடியைத் துளைக்கும் ஒரு வண்டு உண்டு, எங்கள் போரருக்கு நேர்ப் பங்காளி. அதன் ஆண் விடும் வாசனை என்ன என்பதை 1984இல் வெளியிட்டார்கள்: எட்டு கார்பன் அணுக்கள் கொண்ட, ஹைட்ராக்ஸி கீட்டோன் வகை வேதிப்பொருள் ஒன்று. பிற்பாடு காபி வண்டின் வாசனையைப் பிரித்துப் பார்த்தபோது முக்கியப் பொருள் அதே அமைப்பில் இருந்தது, கார்பன் மட்டும் பத்து. திராட்சைப் பூச்சியை அலசியவர்களுக்குக் காபி என்ற நினைப்பே இருந்திருக்காது. அவர்கள் கண்டதன் நீட்சிதான் இன்று எங்கள் தோட்டத்தில், அந்த வாசனையை வைத்து வண்டைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியாகத் தொங்குகிறது.

கலிஃபோர்னியாவின் ஜோசலின் மில்லர், இல்லினாயின் லாரன்ஸ் ஹேங்க்ஸ் போன்ற பூச்சி ஆராய்ச்சியாளர்கள் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். வெவ்வேறு கண்டங்களில் வாழும் பல இனங்கள் ஒரே பொருளையே அழைப்பாகப் பயன்படுத்துகின்றன என்று காட்டினார்கள். அப்படியானால் ஒன்றுக்கொன்று குழம்பாதா? பறக்கும் மாதம் வேறு, நாளில் கூப்பிடும் நேரம் வேறு, கலவையில் சேரும் துணைப் பொருள் வேறு. ஒரே வாசனைக்குப் பல இனங்கள் வருவது துறைமுகக் காவலுக்குப் பெரிய உதவி. எந்த வண்டு வரும் என்று தெரியாமலே பொறி வைக்கலாம். 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிய நீள்கொம்பு வண்டைக் கண்டார்கள். சீனாவிலிருந்து சரக்கு வந்த மரப்பெட்டிகளோடு சேர்ந்து வந்தது. அதன் பிறகு அமெரிக்காவில் பல்லாயிரம் மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. அந்த வண்டின் மரபணுத் தொகுதியை 2016இல் வெளியிட்டார்கள். மரத்தைச் செரிக்கும் மரபணுக்களில் சில, முன்னொரு காலத்தில் பாக்டீரியாவிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் அதற்கு வந்து சேர்ந்தவையாம்!

பொறி வைத்தால் போரர் ஒழிந்துவிடும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். வண்டு பறக்கத் தொடங்கிவிட்டதா என்று சொல்வதற்குப் பொறி நல்லது. பட்டை தேய்ப்பதற்கும், தாக்கிய செடியைத் தேடிப் பிடுங்குவதற்கும் அது மாற்று ஆகாது. இன்னொரு காபி வகையான ரொபஸ்டாவை இந்த வண்டு அதிகம் அண்டாது. அரபிகாவில் முழுசாகத் தாங்கும் ரகம் எங்கள் கைக்கு இன்னும் வரவில்லை. நீங்களும் அரபிகா வைத்திருந்தால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு செடியாகப் பாருங்கள். பிடுங்கிய தண்டை விறகுக்கு ஆகும் என்று வீட்டோரம் அடுக்கிவிடாதீர்கள். உடனே எரியுங்கள், இல்லையென்றால் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். சும்மா அடுக்கி வைத்த விறகிலிருந்தும் வண்டு வெளியே வந்து, நேராகப் பக்கத்துச் செடிக்குத்தான் போகும்.