அயர்லாந்தின் சொந்த விளையாட்டான கேலிக் கால்பந்தில், ஒரு கவுண்டியின் (மாவட்டத்தின்) கிளப்புகள் மோதும் கவுண்டி சாம்பியன்ஷிப் இருக்கும்போது, அதே உள்ளூர் கிளப்புகளுக்குக் கவுண்டி லீக் என்று தனியாக ஒன்று எதற்கு? அதை யார் பார்க்கிறார்கள்? உங்கள் கடிதத்தில் இப்படிக் கேட்டிருந்தீர்கள்.

நான் பார்க்கிறேன். அயர்லாந்தின் தென்மேற்கில் இருக்கும் கெர்ரி கவுண்டியில், ஒரு சின்னப் பங்கில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். பங்கு என்றால் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்கள். கிளப்பின் எல்லையும் பெரும்பாலும் அதுவே. தாங்கள் வளர்ந்த பங்கின் அணிக்குத்தான் ஆடுவார்கள். பக்கத்து அணி பலமாக இருக்கிறதே என்று எளிதில் தாவிவிட முடியாது. சம்பளமும் கிடையாது. 1884-இல் தர்லஸ் நகரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இன்றுவரை தொழில்முறை ஆட்டத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

சாம்பியன்ஷிப்புக்குத்தான் கூட்டம் வரும், செய்தி வரும். ஓரிரண்டு ஆட்டங்களில் சறுக்கினால் அந்த ஆண்டு முடிந்தது. லீக் அப்படி இல்லை. வசந்த காலத்தில் தொடங்கிக் கோடை வரை நீளும். பல பிரிவுகள் உண்டு, மேலே ஏறலாம், கீழே இறங்கவும் நேரும். பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளும் கீழ்ப் பிரிவுகளில் ஆடும்.

லீக் நடக்கிற அதே மாதங்களில்தான், கிளப்புகளின் சிறந்த வீரர்களைச் சேர்த்து அமைக்கும் கவுண்டி அணியும் ஆடிக்கொண்டிருக்கும். 2022 முதல், கவுண்டி அணிகள் மோதும் அகில அயர்லாந்து இறுதிப் போட்டியை ஜூலையிலேயே முடித்துவிட்டு, அதன் பிறகு வீரர்களைக் கிளப்புகளிடம் விடுகிறார்கள். ஆகவே லீக் ஆட்டங்களில் நட்சத்திர வீரர்களைப் பார்ப்பது அரிது. கெர்ரி 2025-இல் 39-ஆவது முறையாகக் கோப்பையை வென்றபோது எல்லோர் வாயிலும் டேவிட் கிளிஃபர்ட் பெயர்தான். அவருடைய கிளப்பான ஃபோசா, கில்லார்னிக்கு அருகே ஒரு சிறிய ஊர். இப்படிப்பட்டவர் கவுண்டி அணியோடு இருக்கும்போது கிளப்பில் அவர் இடத்தில் யாராவது இறங்கியாக வேண்டும் அல்லவா? லீக்கின் குறை என்று பலர் சொல்வது இதைத்தான். எனக்கு லீக்கைப் பிடித்ததே இதனால்தான். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த பையன் ஐந்து மாதம் தொடர்ந்து ஆடி ஆளாவது இங்கேதான்.

கெர்ரியில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே மேல்நிலை சாம்பியன்ஷிப்பில் சிறிய கிளப்புகளின் வீரர்கள் சேர்ந்து, கிழக்கு கெர்ரி, தெற்கு கெர்ரி என்று வட்டார அணிகளாக ஆடுவார்கள். அங்கே நம் ஊர்ச் சட்டையைப் பார்க்க முடியாது. லீக்கில் அது வாரம் தவறாமல் களத்தில் நிற்கும்.

ஆனால் நிற்க வைப்பது லேசான வேலை இல்லை. களத்தில் 15 பேர் வேண்டும். இளைஞர்களில் பாதிப் பேர் டப்ளினில் வேலையில் இருக்கிறார்கள். நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்து ஆடிவிட்டுத் திரும்புகிறார்கள். சிலர் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டார்கள். சென்ற ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு எங்களிடம் 13 பேர்தான். செயலாளர் என் சமையலறையில் நின்றபடி தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஓய்வு பெற்றுவிட்ட 44 வயதுக் கோல்காப்பாளர், மாடு கறந்துவிட்டு வருகிறேன் என்றார். வந்தார். கையில் தீவன வாசனை போகவில்லை.

அன்று கோல் கம்பத்தருகே நடுவராக நிற்கவும் ஆள் இல்லை. வெள்ளை அங்கியை என்னிடம் கொடுத்தார்கள். கம்பம் ஆங்கில எழுத்து எச் போல இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே பந்து போனால் கோல், மூன்று புள்ளிகள், பச்சைக் கொடி. மேலே போனால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. 2025-இல் புது விதி வந்தது: 40 மீட்டர் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து உதைத்து மேலே அனுப்பினால் இரண்டு புள்ளிகள், அதற்கு ஆரஞ்சுக் கொடி. கோல்களையும் புள்ளிகளையும் தனித்தனியே எழுதுவார்கள். 1-10 என்றால் மொத்தம் 13, 0-14-இடம் தோற்கும்.

கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் பையன் ஒருவன் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து உதைத்தான். பந்து கம்பத்தின் உச்சியையும் தாண்டி உயரத்தில் வளைந்து போனது. உள்ளே போனதா, வெளியே போனதா? அதே கோலின் மறு கம்பத்தருகே நடுவராக நின்றவர் மற்ற அணியின் ஆள். அவரைப் பார்த்தேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, தன் அணி தோற்கும் என்று தெரிந்தே தலையசைத்தார். கொடியை நான்தான் அசைத்தேன். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அரை அடி உள்ளே, சந்தேகமே இல்லை" என்று சொல்லிக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

நீங்கள் கோடையில் அயர்லாந்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரிய ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டாம். ஏதாவது ஒரு சிற்றூரில் லீக் ஆட்டம் நடந்தால், போய் வேலியோரம் நில்லுங்கள். அந்த 6-ஆம் எண் யார் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள். பெயரைச் சொல்வதற்கு முன்பே, யாருடைய பேரன் என்று சொல்லிவிடுவார்.