மாமா சொல்லும் கோர்ஸும் மகள் கேட்கும் ஆய்வுக்கூடமும்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பல்கலைக்கழகம் நுழைவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்த மகளுக்கு அரசு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. மாமா தனியார் கல்லூரி என்கிறார், அவளோ நோய்க்கிருமி ஆராய்ச்சி என்கிறாள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் ஊழியர் சேமநிதியை எடுத்து, வீட்டையும் அடகு வைத்து மருத்துவ இடம் வாங்காதீர்கள். 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை அரசு முதலில் ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறது. வங்கிக் கடன் அதற்காகக் காத்திருக்காது, மாமாவும் தவணை கட்டப் போவதில்லை.

"கிருமியோடு பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை" என்கிறார்களாம். 1998-99இல் ஈப்போ பக்கம் தொடங்கிய காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். பன்றிப் பண்ணைகளில் சாவு நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் சுவா காவ் பிங் வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது நிப்பா என்ற புதிய நோய் என்று தெரிந்தது. நம் நாட்டில் மட்டும் 105 உயிர் போயிற்று.

இன்னொன்று மெலியோய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோய். அந்த பாக்டீரியா கெடா மாநில வயல் சேற்றிலேயே இருக்கிறது, நீரிழிவுக்காரர்களைத்தான் அதிகம் தாக்கும். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை? அதே கிருமியை அமெரிக்கா உயிரி ஆயுதமாகக்கூடியவற்றின் முதல்நிலைப் பட்டியலில் வைத்திருக்கிறது. இதைப் படிக்க இங்கேயே ஆள் வேண்டும்.

நுண்ணுயிரியல் அல்லது பயோமெடிக்கல் பட்டம், பிறகு ஆய்வு வழி முதுகலை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் டிட்ரெக், பினாங்கு யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் இன்ஃபார்ம் என்ற இரண்டு ஆய்வு மையங்களையும் பாருங்கள். வேலை நுணுக்கமானது. கிருமி வெளியே வராமல் காற்றோட்டத்தால் தடுக்கும் பாதுகாப்பு கேபினட்டின் முன்பக்கக் கம்பிவலைமேல் ஒரு நோட்டை வைத்தாலே காற்றுத் திரை உடைந்து கிருமி முகத்துக்கு வரும். கையை வெடுக்கென்று இழுத்தாலும் அப்படித்தான். கிருமிகளை நீராவியால் கொல்லும் ஆட்டோகிளேவ் 121 டிகிரி காட்டினாலும், கழிவுப் பையை இறுக்கிக் கட்டியிருந்தால் நீராவி நடுவில் நுழையாது, கிருமி உயிரோடு வெளியே வரும். இனம் தெரியாத கிருமி வளர்ந்த தட்டைத் திறந்து முகர்ந்து பார்ப்பது பழைய பழக்கம். மெலியோய்டோசிஸ் கிருமியாக இருந்தால் அதிலேயே தொற்றிக்கொள்ளலாம். பொறுமையில்லாத பிள்ளைக்கு இது ஆகாது.

வெறும் இளங்கலையோடு நிறுத்தினால் பெரும்பாலும் மருந்து, கருவி விற்கும் வேலைதான் கிடைக்கும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். முதுகலைக்குக் கையெழுத்துப் போடுமுன் மேற்பார்வையாளரிடம் மூன்றைக் கேட்க வேண்டும். ஆய்வு நிதி எந்த மாதம் வரை இருக்கிறது, அதிலிருந்து மாணவிக்கு மாதம் எத்தனை வெள்ளி, ஆபத்தான கிருமிகளைக் கையாளும் மூன்றாம் நிலை ஆய்வுக்கூடத்தில் நுழையப் பயிற்சி தருவார்களா. நிதி இல்லை என்றால் அந்த இடம் வேண்டாம், பேராசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும்.

முதலில் விடுமுறையில் ஏதாவது ஆய்வுக்கூடத்தில் இரண்டு வாரம் இருந்து பார்க்கட்டும். அனுமதி கேட்டு மின்னஞ்சலை அவளே எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.