ஊசி மகளுக்கு, பரிசோதனை உங்களுக்கு

கேள்வி: எனக்கு 37 வயது. கடலூர் முதுநகரில் இருக்கிறோம். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், 13 வயது, போன வருஷம்தான் வயதுக்கு வந்தாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்க ஊசி இருப்பதாகப் பள்ளிக்கு வந்த டாக்டரம்மா சொன்னாராம். மாமியார், "கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு எதுக்கு அந்த ஊசி? ஊருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" என்கிறார். போட்டால் குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பிலும் வந்தது. கணவர் "நீயே பார்த்துக்கோ" என்று ஒதுங்கிவிட்டார். என் பெரியம்மா இந்த நோயில்தான் இறந்தார், அதனால் பயமாக இருக்கிறது. மகளுக்குப் போடலாமா? எவ்வளவு ஆகும்? நானும் போட்டுக்கொள்ளலாமா? அப்புறம், நாலைந்து மாதமாகக் கணவரோடு சேர்ந்த பிறகு எனக்கு லேசாக ரத்தம் படுகிறது. நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் உடல் சூடாக இருக்கும் என்று நினைக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, உங்கள் விஷயத்தைக் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கப்போகிறேன். மகளின் ஊசிக்குச் சில வாரம் பொறுக்கலாம். இதற்குப் பொறுக்கக்கூடாது.

உறவுக்குப் பிறகு ரத்தம் படுவதற்கு உடல் சூடு காரணமில்லை. கர்ப்பப்பை வாயில் புண்ணோ, தொற்றோ, சிறு சதை வளர்ச்சியோ இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், மருந்திலோ சின்ன சிகிச்சையிலோ சரியாகிவிடும். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. எது என்று கண்ணால் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, கடிதத்தைப் படித்து என்னாலும் முடியாது. இந்த வாரமே ஒரு நாள் காலை லீவு சொல்லிவிட்டு மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போய் மகளிர் நோய்ப் பிரிவில் சீட்டு வாங்குங்கள். டாக்டரிடம் "வெள்ளை படுது" என்று சுற்றி வளைக்காமல், "சேர்ந்த பிறகு ரத்தம் படுது" என்று நேராகச் சொல்லுங்கள். நம் பெண்கள் வெட்கப்பட்டு வேறு எதையோ சொல்லி, வேறு எதற்கோ மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு இதில் கோபமே வரும்.

ஒரு கருவியை வைத்து விரித்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் உங்களுக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, அங்கே புற்றுநோய்க்கென்று தனி மையமே உண்டு. அந்த அளவுக்குப் போகாது என்று நம்புவோம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் நன்றாகக் குணப்படுத்தக்கூடிய நோய் இது. உங்கள் பெரியம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வரும் என்று பயப்படாதீர்கள். இது முக்கியமாகப் பரம்பரையாக வருகிற நோயல்ல, ஒரு வைரஸால் வருவது.

அந்த வைரஸைப் பற்றித் தெரிந்துகொண்டால் உங்கள் மாமியாருக்கும் பதில் கிடைத்துவிடும். ஹெச்பிவி என்பது அதன் பெயர். உடலுறவு வழியாகப் பரவுகிறது. தாம்பத்திய வாழ்க்கை இருக்கும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒருமுறை தொற்றிவிடும், தொற்றியது அவர்களுக்கே தெரியாது. பத்தில் ஒன்பது பேருக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிடும் சிலருக்கு, அது 15, 20 வருடம் எடுத்துக்கொண்டு மெதுவாகப் புற்றுநோயாக மாறலாம். அதனால் இந்த நோய் வந்த பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. ஒரே கணவரோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும்.

ஹெச்பிவியில் நிறைய வகை உண்டு. அதில் 16, 18 என்ற இரண்டு மட்டும் இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். ஊசி முக்கியமாக இவற்றைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வைரஸை அது விரட்டாது. ஆகவே வைரஸைச் சந்திக்கும் முன்பே போட வேண்டும், அதாவது கல்யாணத்துக்கு முன்னால், 9 முதல் 14 வயதுக்குள். "கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு எதுக்கு" என்று கேட்கிறாரே, கல்யாணம் ஆகாததால்தான் இப்போது போடச் சொல்கிறோம். புயல் கூண்டு ஏற்றியதுமே படகை மேலே இழுத்துக் கட்டுகிற ஊரில் இருப்பவருக்கு இது புரியாமல் போகாது.

இன்னொன்றும் சொல்லுங்கள். குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலேயே மஞ்சள் காமாலை ஊசி என்று ஒன்று போடுகிறார்களே, அது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. அந்த வைரஸும் உடலுறவு வழியாகப் பரவும், பிற்காலத்தில் கல்லீரல் புற்றுநோயையும் உண்டாக்கும். பச்சைக் குழந்தைக்கு அதைப் போடும்போது ஊர் என்ன நினைக்கும் என்று எந்தப் பாட்டியும் கேட்டதில்லை.

குழந்தை பிறக்காது என்ற வாட்ஸ்அப் செய்தி சுத்தப் பொய். 2006 முதல் உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்களுக்குப் போட்டாகிவிட்டது. மலட்டுத்தன்மைக்கும் ஊசிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆராய்ந்து சொல்லிவிட்டது. ஆனால் நம் நாட்டில் இந்தப் பயம் காற்றிலிருந்து வரவில்லை. 2009-ல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போட்டார்கள். பிறகு ஏழு பிள்ளைகள் இறந்ததாகச் செய்தி வந்து, 2010-ல் திட்டமே நிறுத்தப்பட்டது. விசாரித்ததில் பாம்புக்கடி, நீரில் மூழ்கியது என்று வேறு காரணங்கள்தான் தெரியவந்தன, ஊசியால் இறந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அங்கே ஒரு தவறு நடந்தது உண்மை. பல பிள்ளைகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டிருந்தார். பெற்றவர்களிடம் விளக்கிச் சொல்லாமல் போட்டால் சந்தேகம் வரத்தானே செய்யும்? நீங்கள் கேள்வி கேட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். மகளிடமும் சொல்லிவிட்டுப் போடுங்கள். 13 வயதுப் பிள்ளைக்கு "பெரியவளானதும் வரக்கூடிய ஒரு புற்றுநோயைத் தடுக்கிற ஊசி" என்றால் போதும். மீதியை அவளாகக் கேட்கும்போது சொல்லலாம்.

பலன் இருக்கிறதா என்பதற்கு ஸ்காட்லாந்து பதில் சொல்லிவிட்டது. அங்கே 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-ல் வெளியிட்டார்கள்.

செலவுக்கு வருவோம். 2023-ல் புனேயின் சீரம் நிறுவனம் செர்வாவேக் என்ற நம் நாட்டு ஊசியைக் கொண்டுவந்தது. தனியாரிடம் ஒரு ஊசி சுமார் 2,000 ரூபாய். வெளிநாட்டுத் தயாரிப்புகள் இன்னும் அதிகம். 15 வயதுக்குள் என்றால் வழக்கமாக ஆறு மாத இடைவெளியில் இரண்டு போடுவார்கள். 15 தாண்டிவிட்டால் மூன்று, செலவும் கூடும். இந்த வயதில் ஒரு ஊசியே போதுமான பாதுகாப்பு தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லியிருக்கிறது, ஆகவே இரண்டாவதுக்குப் பணம் இல்லையே என்று முதலாவதை விட்டுவிடாதீர்கள். தமிழக அரசும் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்படியாக இந்த ஊசியைப் போட 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தது. உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மகளின் முறை சீக்கிரம் வருமென்றால் கைக்காசைச் செலவழிக்க வேண்டாம். தள்ளிப்போகும் என்றால் காத்திருக்காமல் வெளியில் போட்டுவிடுங்கள்.

போட்ட கை வலிக்கும், லேசான காய்ச்சல் வரலாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஊசியைக் கண்டாலே சிலசமயம் மயக்கம் வரும். வெறும் வயிற்றில் கூட்டிப்போகாதீர்கள், போட்டதும் பதினைந்து நிமிடம் அங்கேயே உட்கார வையுங்கள்.

நீங்கள் போட்டுக்கொள்ளலாமா? போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் கல்யாணமாகி இத்தனை வருடம் ஆன பிறகு பலன் குறைவு. அந்தப் பணம் மகளுக்குப் போகட்டும். உங்களுக்கு வேண்டியது பரிசோதனை. இப்போதைய பிரச்சினை சரியான பிறகும், டாக்டர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து செய்துகொள்ள வேண்டும். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம்தான். வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். இதையா பெரிய பரிசோதனை என்று நினைக்காதீர்கள். திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்களிடம் இதை ஒரே ஒருமுறை செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்ததில், இந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் உலகமே கவனித்த ஆய்வு அது. ஊசி போட்ட மகளும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும், ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை.

மஞ்சக்குப்பம் போகும்போது மாமியாரையும் கூட்டிப்போங்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு அந்த அமிலச் சோதனை சரியாக வராது, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ, ஹெச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையோ எடுக்கச் சொல்வார்கள். அவர் இதுவரை ஒருமுறைகூட எடுத்திருக்க மாட்டார். பேத்தியின் ஊசியைப் பற்றிய சந்தேகத்தையும் அங்கே இருக்கும் நர்ஸிடம் அவரே கேட்டுக்கொள்ளட்டும். மருமகள் சொல்வதைவிட அது அவருக்குச் சுலபமாக ஏறும்.