இரண்டு துறையும் கைவிரித்த ஆய்வு மனு: சட்டத்தில் வழி உண்டா?

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் இயங்குபவள், பொதுச் சுகாதாரம் படித்தவள். மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு மகப்பேறு மருத்துவம் கிடைப்பதில் உள்ள தடைகளை ஆராய, காது கேளாத என் தோழியோடு சேர்ந்து அரசு ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தேன். பெண்கள் நலப் பிரிவு, "இது மாற்றுத்திறனாளிகள் விவகாரம், அங்கே போங்கள்" என்றது. மாற்றுத்திறனாளிகள் பிரிவோ, "எங்கள் முன்னுரிமைப் பட்டியலில் உதவிக் கருவிகளும் மறுவாழ்வும்தான் உண்டு, மகப்பேறு இல்லை" என்று திருப்பிவிட்டது. தோழிக்காகக் கேட்டிருந்த சைகைமொழிபெயர்ப்பாளர் செலவும் "அனுமதிக்கப்பட்ட செலவினம் அல்ல" என்று அடித்து நீக்கப்பட்டிருந்தது. நான் சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. ஆனால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் தோற்போம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம்.

"என் ஆய்வுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும்" என்று கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. மதிப்பீட்டாளர்கள் உங்கள் திட்டத்தைப் படித்து, ஆய்வு முறை பலவீனம் என்று மதிப்பெண் குறைத்திருந்தால், அந்த மதிப்பெண்ணைத் திருத்த நீதிமன்றங்கள் பெரும்பாலும் முன்வருவதில்லை. உங்களுக்கு நடந்தது வேறு. உங்கள் திட்டத்தை யாரும் மதிப்பிடவே இல்லை, வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். பெண்ணுக்கு ஒரு துறை, மாற்றுத்திறனாளிக்கு ஒரு துறை. இரண்டுமாக இருப்பவளுக்கு எந்தத் துறை? இந்தக் கேள்விதான் உங்கள் வழக்கு. இதைக் கேட்கச் சட்டத்தில் உறுதியான இடம் இருக்கிறது.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவே 190க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை வைத்துப் பேசுகிறேன். 2006இல் நிறைவேறி, 2008 மே 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிப் பெண்களும் சிறுமிகளும் பலமுனைப் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்யும் கடமையை அரசின் மேல் வைக்கிறது. 25ஆம் பிரிவு பாலியல், இனப்பெருக்க நலச் சேவைகளையும் சேர்த்தே மருத்துவ உரிமையைச் சொல்கிறது. கொள்கை வகுக்கத் தேவையான புள்ளிவிவரங்களையும் ஆய்வுத் தரவுகளையும் அரசு திரட்ட வேண்டும் என்பது 31ஆம் பிரிவு. இந்த மூன்றையும் சேர்த்து வாசித்தால், மகப்பேறு எங்கள் வேலை இல்லை என்று ஒரு மாற்றுத்திறனாளிகள் துறை சொல்வது எவ்வளவு பொருந்தாதது என்று புரியும்.

கருவிகளுக்கான ஆய்வு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் 4ஆம் பிரிவு சொல்லும் கடமைதான். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், சக்கர நாற்காலியில் மருத்துவமனை வரை வந்துவிட்ட பெண், பரிசோதனை மேசையில் ஏற முடியாமல் திரும்பிப்போகிற கதை எந்த ஆய்விலும் பதிவாகாது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்கில், வயது வந்த ஆண்களில் 12 சதவீதம் பேருக்குக் குறைபாடு, பெண்களில் 19.2 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். "சிறு பிரிவினரின் பிரச்சினை" என்று உங்களிடம் யாராவது சொன்னால் இந்த எண்ணை முன்னால் வையுங்கள்.

நாட்டுக்கு நாடு உள்நாட்டுச் சட்டம் மாறும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொண்டால், மாற்றுத்திறனாளிகளின் மேம்பாட்டுக்கான ஆய்வுகளை அரசு தொடங்க வேண்டும் என்று 28ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு வரி இருந்தால் மனுவின் முதல் பத்தியிலேயே அதை வையுங்கள். இல்லாவிட்டால், அநேகமாக எல்லா நாட்டு அரசமைப்பிலும் உள்ள சமத்துவ உரிமையை முன்னிறுத்தி, உடன்படிக்கையைத் துணைக்கு அழையுங்கள்.

இனி, கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் சைகைமொழிபெயர்ப்பாளர் செலவுக்கு வருகிறேன். உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான ஆயுதம் அதுதான். தேவைப்படும் நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடே என்று உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு வரையறுக்கிறது. நிதி குறைவு, படிப்படியாகத்தான் செய்ய முடியும் என்ற சமாதானம் இங்கே செல்லாது. பாகுபாடு காட்டாமல் இருப்பது உடனடிக் கடமை. அந்த வசதி தாங்க முடியாத சுமை என்று வாதிட்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பு மறுத்தவரையே சேரும், உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2018இல் வெளியிட்ட 6ஆம் பொதுக் கருத்துரை இதைத் தெளிவாக்கியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் யாரும் சுமையைக் கணக்குப் பார்க்கவே இல்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான். தோழியின் பெயரில், இந்த ஒன்றுக்கு மட்டும் தனியாக ஒரு புகார் எழுதுங்கள். ஆய்வுத் திட்டத்தின் தகுதியோடு கலந்தால் அது மங்கிப்போகும். அவருக்கு வேலை செய்ய வேண்டிய மொழிபெயர்ப்பும், நேர்காணலுக்கு வரும் காது கேளாத பெண்களுக்கான மொழிபெயர்ப்பும் வெவ்வேறு தேவைகள். இரண்டையும் தனித்தனித் தொகையாகக் காட்டுங்கள்.

அடுத்து, ஆவணங்களைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் உள்ள நாடு என்றால் "ஏன் நிராகரித்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், "விதிமுறைப்படி" என்ற ஒரு வரியோடு பதிலை முடித்துக்கொள்வார்கள். முன்னுரிமைப் பட்டியலைத் தயாரித்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, அந்தக் குழுவில் மாற்றுத்திறனாளிப் பெண்கள் எத்தனை பேர், கடந்த ஐந்து ஆண்டுகளில் இரு பிரிவுகளும் நிதி கொடுத்த ஆய்வுகளின் தலைப்புப் பட்டியல், மதிப்பீட்டுத் தாள் இருந்தால் அதன் நகல் என்று பொருள் பொருளாகக் கேளுங்கள். ஐந்து ஆண்டுப் பட்டியலில் உங்களைப் போன்றவர்களைப் பற்றி ஒரு தலைப்பும் இல்லை என்று வந்தால், பாகுபாடு அங்கே எழுத்திலேயே நிற்கும். மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் முடிவுகளை அவர்களின் அமைப்புகளோடு நெருக்கமாகக் கலந்தாலோசித்தே எடுக்க வேண்டும் என்கிறது உடன்படிக்கையின் 4ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு. பட்டியல் குழுவில் யாரும் இல்லையென்றால் அதுவும் ஒரு வாதம்.

பிறகு மேல்முறையீடு. முதலில் நிதி அமைப்புக்குள்ளேயே மறுபரிசீலனை. பின்னர் மாற்றுத்திறனாளிகள் ஆணையர், மனித உரிமை ஆணையம் போன்ற சுதந்திரமான அமைப்பு. நீதிமன்றம் அதற்கும் பிறகு. எங்கே போனாலும் கோரிக்கையைப் பணமாக எழுதாதீர்கள். "இரு பிரிவுகளும் சேர்ந்த குழு என் மனுவை மதிப்பிட வேண்டும், அந்தக் குழுவில் மாற்றுத்திறனாளிப் பெண்கள் இடம்பெற வேண்டும், அடுத்த அறிவிப்பில் இந்த ஆய்வுத் தலைப்பு சேர்க்கப்பட வேண்டும்" என்று எழுதுங்கள். நடைமுறையைத் திருத்தச் சொல்ல அதிகாரிக்கும் நீதிபதிக்கும் தயக்கம் குறைவு. உள்நாட்டு வழிகள் எல்லாம் அடைபட்டால், உடன்படிக்கையோடு இணைந்த தனி ஒப்பந்தமான விருப்ப நெறிமுறையை உங்கள் நாடும் ஏற்றிருக்கும் பட்சத்தில், ஐ.நா. குழுவுக்குத் தனிநபர் புகார் அனுப்பலாம். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். உங்கள் அரசு அந்தக் குழுவுக்கு அறிக்கை தரும் தருணத்தில், அமைப்புகள் தரும் மாற்று அறிக்கையில் இந்தச் சம்பவத்தைச் சேர்ப்பது அதைவிட விரைவாகப் பலன் தரக்கூடும்.

மறுபடி விண்ணப்பிக்கும்போது, ஆய்வுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழுவிடமும் கவனமாக இருங்கள். "எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள்" என்று சொல்லி இந்தப் பெண்களை ஆய்விலிருந்தே விலக்கிவிடும் பழக்கம் உண்டு. பாதுகாப்பு என்ற பெயரில் நடப்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. எனக்கு அது மிகவும் வலிக்கிற விஷயம். விலக்குவதால் வரும் தீங்கையும் எடைபோட வேண்டும் என்று மருத்துவ ஆய்வு அறநெறி பற்றிய, 2024இல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. அதை மேற்கோள் காட்டுங்கள். அதே சமயம், பங்கேற்கும் பெண்ணின் சம்மதத்தை அவளிடமே, அவளுக்குப் புரியும் மொழியிலும் வடிவத்திலும் வாங்குங்கள். அவளுக்குப் பதிலாகக் கணவரோ தாயோ கையெழுத்திட்டால் போதும் என்று யார் சொன்னாலும் இணங்காதீர்கள். உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு கேட்பது அவளுடைய சுதந்திரமான சம்மதத்தை.

இப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு நிராகரிப்புக் கடிதங்களிலும் உள்ள தேதியைப் பாருங்கள். மறுபரிசீலனைக்கான கெடு பல இடங்களில் சில வாரங்கள்தான். ஆவணங்கள் வரட்டும் என்று காத்திருக்காமல், "காரணங்கள் பின்னர் விரிவாகத் தரப்படும்" என்ற குறிப்போடு இந்த வாரமே மனுவைப் பதிவு செய்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.