‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்கிறார் கணவர்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. சில மாதங்களாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். பிள்ளைகளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குடி கூடியிருக்கிறது. விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால், ‘எனக்கு ஒண்ணுமில்ல, விடு’ என்கிறார். போன வாரம், ‘நான் இல்லேன்னா நீங்க எல்லாம் நிம்மதியா இருப்பீங்க’ என்றார். இது மனச்சோர்வாக இருக்கலாம் என்கிறாள் தோழி. ஆனால் அவர் அழுது நான் பார்த்ததே இல்லையே?

பதில்: சகோதரி, முதலில் அவர் கடைசியாகச் சொன்னதைப் பார்ப்போம். அதைக் கோபத்தில் வந்த பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். இன்றே தனியாக உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ கேட்டால் நாமே அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்ற பயம் பலருக்கும் உண்டு. அப்படி ஆவதில்லை. உள்ளே வைத்துப் புழுங்குவதை வெளியே சொல்ல வழிதான் கிடைக்கும். அவர் ‘ஆமாம்’ என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதுவரை மாத்திரை, விஷம் போன்றவை கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தோழி சொல்வது சரியாக இருக்கலாம். ஆண்கள் பலரிடம் மனச்சோர்வு அழுகையாக வருவதில்லை. எரிச்சல், குடி, கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுவது, வீட்டுக்கு வராமல் வேலையிலேயே கிடப்பது, தீராத முதுகுவலி என்று வரும். ஸ்வீடனின் காட்லாந்து தீவில் 1980களில், மனச்சோர்வைக் கண்டறியக் குடும்ப மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தற்கொலைகள் குறைந்தன, ஆனால் பெண்களிடம் மட்டும். ஆண்களில் பலர் மருத்துவரிடம் போகவேயில்லை. அவர்களுடைய கோபத்தையும் குடியையும் யாரும் நோயின் அறிகுறியாகப் பார்க்கவுமில்லை. பிறகுதான் ஆண்களின் மனச்சோர்வுக்கென்று தனிக் கேள்விப்பட்டியலே உருவானது. உலக அளவில் மனச்சோர்வு இருப்பதாகக் கண்டறியப்படுபவர்களில் பெண்கள் அதிகம். தற்கொலையில் உயிர்விடுபவர்களிலோ ஆண்கள்தான் ஏறக்குறைய இருமடங்கு. எனக்கு இதை ஒவ்வொரு முறை எழுதும்போதும் மனம் பதறுகிறது.

சரி, ‘ஒண்ணுமில்ல’ என்பவரை எப்படி அழைத்துப் போவது? ‘உங்களுக்கு மனநோய்’ என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். தூக்கத்தில் ஆரம்பியுங்கள். ‘ராத்திரி சரியாவே தூங்கறதில்ல, ஒரு செக்கப் பண்ணிடலாம்’ என்றால் பெரும்பாலும் வருவார்கள். அதில் பொய்யும் இல்லை. தைராய்டு குறைந்தாலும் இதே போன்ற சோர்வு வரும் என்பதால், மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லலாம். நீங்களும் கூடவே போங்கள். குடியைப் பற்றியும், போன வாரம் சொன்னதைப் பற்றியும் அவராக வாய்திறக்க மாட்டார். மது சீக்கிரம் தூங்க வைக்கும். ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்து மனதை இன்னும் கீழே தள்ளும்.

மாத்திரை கொடுத்தால் பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். சில மருந்துகள் தாம்பத்திய ஆசையைக் குறைக்கும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டே பல ஆண்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். உளவியல் ஆலோசனையும் நல்ல பலன் தரும். அவர் ஒப்புக்கொண்டால் அதையும் தொடரட்டும்.

அவர் கைநீட்டுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி நடந்தால், நோய்தானே என்று பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். பிள்ளைகளோடு நம்பிக்கையான ஒருவர் வீட்டுக்குப் போய்விடுங்கள். உங்கள் கணவர் மதிக்கும் அண்ணனோ நண்பரோ இருந்தால், அவரோடு இருந்து சிகிச்சைக்கு அழைத்துப் போகும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள்.